பெயருக்காக எவ்வளவு கடன் வாங்கலாம்?

கேள்வி: சுற்றுச்சூழல் அறிவியலில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று பெரும்பெயர் பெற்றது. ஆனால் உதவித்தொகை எதுவும் இல்லாததால் இரண்டாண்டுச் செலவு முழுவதையும் கடனாக வாங்க வேண்டும். மற்றொன்றை எங்கள் துறைக்கு வெளியே அதிகம் பேர் அறிய மாட்டார்கள். அங்கே கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, கற்பித்தல் உதவியாளர் பணியும் மாதாந்திர உதவித்தொகையும் தருகிறார்கள். அங்கே சேர்ந்தால் முதல் இடத்துக்கு ஆகும் கடனில் கால் பங்கு போதும். பின்னர் முனைவர் பட்டம் பெறும் எண்ணமும் உண்டு. அப்பா பிணை நிற்கத் தயாராக இருக்கிறார். "இவ்வளவு பெரிய இடம் கிடைத்த பிறகு விடலாமா?" என்கிறார். நான் எதைத் தேர்ந்தெடுப்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நீங்கள் கடன் என்று குறிப்பிடுவது இன்று வாங்கும் தொகையை. நீங்கள் உண்மையில் திருப்பிக் கட்டப்போவது வேறொரு தொகை என்பதால், அதை முதலில் பார்த்துவிடுவோம். முதல் பல்கலைக்கழகத்துக்கான கடனை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு வட்டி 10 சதவீதம். பாதித் தொகையைப் படிப்பின் தொடக்கத்திலும் மீதியை ஓராண்டு கழித்தும் பெறுகிறீர்கள். படிப்பு முடிந்து ஆறு மாதம் கழித்துத் தவணை தொடங்குகிறது. அந்த முப்பது மாதங்களில் தனிவட்டியாகவே கணக்கிட்டாலும் 20 சேர்ந்துவிடும். அது அசலோடு சேர்க்கப்பட்டு, 120-க்குத் தவணை போடப்படும். பத்து ஆண்டுகளில் அடைத்தால் மொத்தம் ஏறக்குறைய 190 கட்டியிருப்பீர்கள். மாதத் தவணை கனக்கிறதே என்று பதினைந்து ஆண்டுகளுக்கு நீட்டினால் அது 232 ஆகும். படிக்கும்போதே வட்டியை மட்டும் அவ்வப்போது செலுத்திவந்தால், பத்து ஆண்டுக் கணக்கு 179 அளவில் நிற்கும். உங்கள் கடனின் வட்டி விகிதத்தை வைத்து இதே கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். விகிதம் மாறக்கூடியதாக இருந்தால், இரண்டு சதவீதம் கூட்டி இன்னொரு முறையும் போடுங்கள்.

அடுத்து, அந்தத் தவணையை எந்த வருமானத்திலிருந்து கட்டப்போகிறீர்கள் என்று பார்க்க வேண்டும். தவணை தொடங்கும் நாளில் நிற்கும் கடன் உங்கள் முதல் ஓராண்டுச் சம்பளத்துக்குச் சமமாக இருந்தால், மேற்சொன்ன வட்டியில் பத்தாண்டுத் தவணை சம்பளத்தில் சுமார் 16 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். இரண்டு மடங்காக இருந்தால் சுமார் 32 சதவீதத்தை. வரிக்கு முந்தைய சம்பளத்தை வைத்துச் சொல்கிறேன். கையில் வரும் பணத்தோடு ஒப்பிட்டால் பங்கு இன்னும் கூடும். ஆகவே, கடன் ஓராண்டுச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்பதையே நான் எல்லையாகக் கொள்வேன். இங்கே சம்பளம் என்பது, உங்கள் துறையில் அந்தப் பட்டம் பெற்றவர்களில் நடுவில் நிற்பவர் பெறுவது. பல்கலைக்கழகக் கையேட்டின் அட்டையில் சிரிக்கும் முன்னாள் மாணவரின் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டாம்.

பெரிய பெயருக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆட்களைத் தேடிக் குறிப்பிட்ட சில கல்விக்கூடங்களுக்கு மட்டுமே நிறுவனங்கள் வரும் துறைகள் உண்டு. அங்கே பெயருக்குக் கொடுக்கும் விலை திரும்பி வரக்கூடும். உங்கள் துறை அப்படிப்பட்டதா என்பதை இரண்டு இடங்களிலும் சென்ற இரண்டு ஆண்டுகளில் படித்து வெளியேறியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த வேலையில் சேர்ந்தார்கள், சேர எத்தனை மாதம் ஆயிற்று, ஆய்வேட்டு வழிகாட்டி எவ்வளவு நேரம் ஒதுக்கினார் என்ற மூன்றைக் கேட்டாலே போதும்.

முனைவர் பட்டம் வேண்டும் என்று நீங்கள் எழுதியிருப்பது என் தராசை மேலும் இரண்டாவது இடத்தின் பக்கம் சாய்க்கிறது. அந்தச் சேர்க்கைக்கு உங்கள் ஆய்வு அனுபவமும், உங்களை அருகிலிருந்து அறிந்த பேராசிரியர் எழுதும் பரிந்துரைக் கடிதமும் பெரிதும் துணைநிற்கும். கட்டணம் செலுத்தும் மாணவர்களால் நிரம்பிய பெரிய வகுப்பில் ஒருவராக இருப்பதைவிட, துறையிலேயே பணி செய்யும் மாணவியாக இருப்பது இவ்விரண்டுக்கும் அதிக வாய்ப்புத் தரும். அதோடு, முனைவர் படிப்பில் உதவித்தொகை கிடைத்தாலும் அது வாழ்க்கைச் செலவுக்கே சரியாகப் போய்விடும். பழைய கடன் அதுவரை வட்டியோடு வளர்ந்துகொண்டிருக்கும்.

ஆனாலும் இரண்டாவது கடிதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டாம். கட்டணத் தள்ளுபடி இரண்டு ஆண்டுகளுக்குமா, ஒவ்வொரு பருவமும் புதுப்பிக்கப்படுவதா, எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நின்றுவிடும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காப்பீடு, ஆய்வகம் போன்றவற்றுக்கான தனிக் கட்டணங்கள் பெரும்பாலும் தள்ளுபடிக்குள் வருவதில்லை. விடுமுறை மாதங்களில் உதவித்தொகை நின்றுபோவதும் உண்டு. பணி வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதும் முக்கியம். இருபது மணி நேரம் என்றால் விடைத்தாள் திருத்தும் வாரங்களில் உங்கள் சொந்தப் படிப்பு பின்தங்கும்.

முதல் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். மற்றோர் இடத்தில் கிடைத்திருக்கும் உதவியைக் குறிப்பிட்டு, பணிவாகவும் சுருக்கமாகவும், நிதியுதவியை மறுபரிசீலனை செய்ய முடியுமா என்று கேட்பதில் தவறில்லை. சேர மறுத்தவர்களுக்கென ஒதுக்கிய தொகை சில சமயம் இப்படிக் கேட்பவருக்குப் போய்ச் சேரும். இடைவெளியை நிரப்பும் அளவுக்கு உதவி வந்தால் மறுபடி யோசிக்கலாம். வராவிட்டால் என் வாக்கு இரண்டாவது இடத்துக்கே.

அப்பாவிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நீங்கள் கட்ட முடியாமல் போனால் பிணை நின்றவரிடம்தான் வங்கி கேட்கும், அதுவும் அவர் ஓய்வுபெறும் வயதில். மேலே போட்ட கணக்கை அவரோடு உட்கார்ந்து மறுபடி போடுங்கள். பெரிய இடத்தை விடலாமா என்ற கேள்வியை அதன் பிறகும் அவர் கேட்டால், அப்போது பேசிக்கொள்ளலாம்.

கேள்வி: ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்வதாகச் சொல்லி முன்பணமும் கட்டிவிட்டேன். இப்போது உதவித்தொகையோடு வேறோர் இடம் வந்திருக்கிறது. மாறலாமா?
- மற்றொரு வாசகர்

பதில்: மாறலாம். முன்பணம் பெரும்பாலும் திரும்பி வராது. ஆனால் ஓராண்டுக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அது சிறிய இழப்பு. அமெரிக்காவில் முதுநிலைக் கல்விக்கூடங்களின் கூட்டமைப்பு வகுத்த தீர்மானத்தை ஏற்றுக்கொண்ட பல்கலைக்கழகங்கள், நிதியுதவியோடு வரும் இடங்களுக்கு ஏப்ரல் 15-க்கு முன் முடிவு சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்துவதில்லை. முன்னரே ஒப்புக்கொண்டவரும் அந்தத் தேதி வரை எழுத்துமூலம் விலகிக்கொள்ளலாம். மற்ற இடங்களில் சேர்க்கைக் கடிதத்தின் நிபந்தனைகளே முடிவு செய்யும். புதிய உதவித்தொகை எழுத்தில் உறுதியான பிறகே பழைய இடத்திலிருந்து விலகுங்கள். உறுதியான பின்போ ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம், உங்கள் இடத்துக்காகக் காத்திருப்போர் பட்டியலில் யாரோ இருப்பார். பழைய இடத்துக்கென அனுமதிக்கப்பட்ட கடன் இருந்தால், அதை விடுவிக்க வேண்டாம் என்று அதே நாளில் வங்கிக்கும் எழுதிவிடுங்கள்.