மே மாதத்தில் ராமேஸ்வரம்: வாக்கிங் என்ன ஆகும்?

கேள்வி: எனக்கு வயது 44. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, மாத்திரை இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து ஐந்து மாதமாகத் தினமும் 45 நிமிடம் நடக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் யோகா. நான்கு கிலோ குறைந்திருக்கிறது. மே மாதம் மாமியார், கணவர், பிள்ளைகளோடு எட்டு நாள் ராமேஸ்வரம் போகிறோம். போன வருடமும் இப்படித்தான் நடக்க ஆரம்பித்து, ஊட்டிக்குப் போய்வந்ததோடு விட்டுவிட்டேன். லாட்ஜில் ஜிம் இல்லை. "கோயிலுக்குப் போற இடத்துல என்ன எக்சர்சைஸ்?" என்று கணவர் கேட்கிறார். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: சகோதரி, ஜிம் இல்லாதது ஒரு குறையே இல்லை. திருப்பூரில் நடக்கும் அதே நேரத்தை அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு போவதுதான் சிக்கல்.

நான் ராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் மண்டபம் என்ற ஊரில் பிறந்தவள். மதுரையில் படித்த காலத்தில் ஒரு மே மாத லீவுக்கு ஊருக்கு வந்து, புது ஷூ போட்டுக்கொண்டு காலை எட்டரை மணிக்குக் கடற்கரையில் ஓடினேன். இருபது நிமிடத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அத்தை நீச்சத்தண்ணியில் உப்புப் போட்டு, சின்ன வெங்காயத்தை நசுக்கிக் கையில் கொடுத்து, "இந்த வெயில்ல நாய்கூட நடக்காதுடி" என்றார். அன்றைக்குச் சூடு என்னவோ மதுரையைவிடக் குறைவுதான். ஆனால் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். வேர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும். வேர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்?

அதனால் நேரத்தை மட்டும் மாற்றுங்கள். மே மாதம் அங்கே ஆறு மணிக்கெல்லாம் சூரியன் வந்துவிடும். காலை ஐந்திலிருந்து ஏழரை வரை ஒரு வேளை, மாலை ஐந்தரைக்கு மேல் ஒரு வேளை. நடுவில் அறையில் படுத்துத் தூங்கினாலும் பாவமில்லை.

அதிகாலையில் எழுப்பிவிடும் வேலையை உங்கள் மாமியாரே பார்த்துக்கொள்வார். ஸ்படிக லிங்க தரிசனம் ஐந்து மணிக்கு. அப்புறம் தீர்த்தம். கோயிலுக்குள் 22 தீர்த்தம், கிணறு கிணறாகத் தேடிப் போய், வாளித் தண்ணீரைத் தலையில் வாங்கிக்கொண்டு, சொட்டச் சொட்ட அடுத்ததற்கு நடக்க வேண்டும். ஈரச் சேலையோடு அதைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எடை கட்டிக்கொண்டு நடப்பது மாதிரி. நீங்கள் சுடிதார் போட்டுக்கொள்ளுங்கள். கல்தரை வழுக்கும். மாமியாரின் கையை விடாதீர்கள், பிள்ளைகளை ஓட விடாதீர்கள். தீர்த்தமாடிய நாளில் தனியாக வாக்கிங் வேண்டாம், அதுவே போதும்.

மற்ற நாட்களில் மூன்றாம் பிரகாரம் இருக்கிறது. 1,212 தூண்கள், தலைக்கு மேலே கூரை, காலுக்குக் கீழே குளிர்ந்த கல். ஒரு சுற்று அரை கிலோமீட்டருக்குக் குறையாது. ஐந்து சுற்று வந்தால் உங்கள் கணக்கு முடிந்தது, கணவருக்கும் பதில் கிடைத்தது. போனை வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பதால் எத்தனை அடி நடந்தோம் என்று பார்க்க முடியாது. விடுங்கள், சுவாமி பார்த்துக்கொள்வார்.

ஒரு நாள் விடியும்போதே கந்தமாதன பர்வதத்துக்கு நடந்து போங்கள். கோயிலிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர். தீவிலேயே உயரமான இடம் அதுதான், ஏறிப் பார்த்தால் சுற்றிலும் கடல் தெரியும். திரும்பும்போது ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம்.

தனுஷ்கோடியில் கவனம். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் ரோடு, ஒதுங்க நிழல் கிடையாது. முழுவதும் நடக்கிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். காலையிலேயே வண்டியில் போய், 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தின் அருகே இறங்கி, ஒரு கிலோமீட்டர் மணலில் நடந்தால் போதும். மணலில் நடக்க, கெட்டித் தரையில் அதே வேகத்தில் நடப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். முதல் நாள் இருபது நிமிடத்தைத் தாண்டினால் மறுநாள் கெண்டைக்கால் சொல்லும். கரை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும், அதனால் போன வழியே திரும்பி வாருங்கள், இரண்டு காலுக்கும் சமமாகிவிடும். செருப்பைக் கழற்ற வேண்டாம். சர்க்கரை எல்லையில் இருப்பவர்கள் சுடுமணலில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. முனையில் தண்ணீரில் இறங்கவே கூடாது, இழுப்பு அதிகம்.

தண்ணீரில் இறங்க ஆசையா? எங்கள் பக்கம் தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும், வடக்கே பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். மே மாதம் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றில் ஆண்கடல் கொந்தளிக்கும், பெண்கடல் குளம் மாதிரி கிடக்கும். உச்சிப்புளிப் பக்கம் அரியமான் கடற்கரைக்கு ஒரு மாலை போங்கள். இடுப்பளவு தண்ணீரில் கரையோரமாகவே அரை மணி நேரம் நடங்கள். அந்த ஆழத்தில் உடம்பின் எடையில் ஏறத்தாழ பாதியைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும், முட்டிக்கு அவ்வளவு சுகம். சொறிமீன் (ஜெல்லிமீன்) பட்டால் தேய்க்காமல் கடல் தண்ணீராலேயே கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பாம்பன் சின்னப்பாலத்துப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பார்க்க வாய்த்தால் பாருங்கள். பாறை கிழிக்காமலிருக்க விரல் ஒவ்வொன்றிலும் பழந்துணியைக் கிழித்துச் சுற்றியிருப்பார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி, பாசியை அறுத்துக்கொண்டு மேலே வருவார்கள். மணிக்கணக்காக இதே வேலை. அறுபதைத் தாண்டிய ஒருவரிடம் "களைப்பா இருக்காதா?" என்று கேட்டேன். "கரையில உக்காந்தாதான் இடுப்பு வலிக்குது" என்றார்.

இனி சாப்பாடு. ஊட்டியில் உங்களை விழ வைத்தது வாக்கிங் இல்லாததைவிட இதுவாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம். மே மாதம் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது. நாட்டுப்படகு மீன் கிடைக்கும், விலை கொஞ்சம் கூட. நெத்திலியோ பாறை மீனோ குழம்பாகக் கேளுங்கள், பொரித்தது வேண்டாம். ராத்திரி பரோட்டாவை எட்டு நாளில் ஒரு நாளோடு நிறுத்துங்கள். நுங்கு நன்றாக வரும், இரண்டு மூன்று சாப்பிடலாம். பதநீர் இனிப்பு. உடம்புக்கு நல்லது என்று யார் சொன்னாலும் உங்களுக்கு ஒரு வாய் போதும். மோரும் தண்ணீரும் தாகத்துக்கு முன்பே குடியுங்கள்.

யோகாவுக்கு லாட்ஜ் மொட்டைமாடி போதும். வெயில் ஏறுவதற்குள் கால் மணி நேரம் சூரிய நமஸ்காரம், சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது ஒரு இருபது. ஒரு நாள் முடியாமல் போனால் போகட்டும், ஒரு வாரத்தில் ஐந்து மாத உழைப்பு கரைந்துவிடாது. ஊருக்குத் திரும்பிய மறுநாள் காலை, துணி துவைக்கும் முன்னால், பத்து நிமிடமாவது தெருவில் நடந்துவிட்டு வாருங்கள். போன வருடம் விட்டுப்போனது அந்த மறுநாளில்தான்.

மாற்றுத்துணி வழக்கத்தைவிட இரண்டு செட் கூடுதலாக எடுத்து வையுங்கள். ஈரத்துணியோடு சுவாமி சன்னதிக்குள் விட மாட்டார்கள். அந்த உப்புக் காற்றில் துணி காய்ந்தாலும் பிசுபிசுப்பு போகாது.