ஆலங்கட்டிக்குத் தாங்கும் கூரை எது?

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் வீட்டின் பின்கட்டில் இருந்த பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சித்திரை மாத ஆலங்கட்டி மழையில் நான்கு இடங்களில் உடைந்துவிட்டது. கலர் ஷீட் போடலாம் என்று சேலத்தில் இரண்டு கான்ட்ராக்டர்களை விசாரித்தோம். இருவரும் ‘0.50 ஷீட்’ என்றே சொல்கிறார்கள். ஆனால் ஒருவர் கேட்கும் தொகை மிகவும் குறைவு. யாரை நம்புவது?
- வாசகி ஒருவர், ஏற்காடு

பதில்: உங்கள் ஐயத்துக்கு விடை அந்த 0.50 என்ற எண்ணிலேயே இருக்கக்கூடும். அது பூச்சுகளும் சேர்ந்த மொத்தக் கனமா, உள்ளிருக்கும் எஃகின் கனம் மட்டுமா என்று இருவரிடமும் கேளுங்கள். மொத்தம் 0.50 மில்லிமீட்டர் என்றால் எஃகு ஏறக்குறைய 0.45 தான் இருக்கும். அதைவிட மெல்லிய தகட்டையும் அதே எண்ணைச் சொல்லி விற்பவர்கள் உண்டு. ஆலங்கட்டியின் விட்டம் இருமடங்கானால் எடை எட்டு மடங்காகிறது. விழும் வேகமும் கூடுவதால் மோதும் ஆற்றல் சுமார் பதினாறு மடங்காகிவிடும் என்பதால், தகட்டின் கனத்தில் ஏமாறக் கூடாது. நல்ல எஃகுத் தகடு கல் விழுந்தால் நசுங்குமே தவிர, ஆஸ்பெஸ்டாஸைப் போல உடையாது. மண் ஓடு போட்டால் அதுவும் உடையும் என்றாலும், உடைந்ததை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வெளிச்சத்துக்காக இடையில் போடும் ஃபைபர் ஷீட் வெயிலில் நாளடைவில் நொறுங்கும் தன்மை பெறுவதால், முதலில் ஓட்டை விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

‘ஆலங்கட்டிக்கு அசையாது’ என்று ஒருவர் உறுதி சொன்னால், சோதனைச் சான்றைக் கேளுங்கள். அமெரிக்காவின் யூஎல் 2218 சோதனையில், 2 அங்குல எஃகுக் குண்டை 20 அடி உயரத்திலிருந்து ஒரே இடத்தில் இருமுறை போட்டும் விரிசல் காணாத கூரைக்கே உச்சமான நான்காம் வகுப்பு தருகிறார்கள். அதிலும் நசுங்கல் குறையாகக் கருதப்படுவதில்லை. ‘சேலம் இரும்பாலைத் தகடு’ என்றும் யாராவது சொல்லக்கூடும். அந்த ஆலையின் பெயர் துருப்பிடிக்காத எஃகுக்கானது, கலர் ஷீட்டுக்கானது அன்று.

எஃகின் கனம், பூச்சின் அளவு, தகட்டைத் தாங்கும் சட்டங்களுக்கு இடையிலான தூரம், ரப்பர் வாஷருடன் கூடிய ஸ்க்ரூ ஆகியவற்றை எழுத்தில் தருபவரையும், தகடு வந்து இறங்கியதும் மைக்ரோமீட்டரால் அளந்து பார்க்கத் தயங்காமல் இடம் கொடுப்பவரையும் தேர்ந்தெடுங்கள். அவர் தொகை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் சரியே. இரண்டு மழைக்காலம் கண்ட அவருடைய பழைய வேலை ஒன்றை மலையிலேயே நேரில் பாருங்கள். தகட்டுக்கான பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். ஆலையின் உத்தரவாதம் தகட்டுக்கு மட்டுமே என்பதால், பொருத்திய வேலைக்குத் தனியாக எழுதி வாங்குங்கள். கூலியில் ஒரு பகுதியை முதல் பெருமழை வரை நிறுத்திவைப்பதாக முன்பே பேசிவிடுங்கள்.

பழைய ஆஸ்பெஸ்டாஸை அறுக்கவோ உடைக்கவோ விடாமல், நனைத்து, முழுத் தகடாகவே கழற்றச் சொல்லுங்கள். அதன்மீது யாரும் நேராகக் கால் வைக்காமல், சட்டங்களின்மேல் பலகை போட்டே நடக்க வேண்டும்.