12 வயதில் அந்த ஊசி எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமலிருக்க ஹெச்.பி.வி. தடுப்பூசி போடச் சொல்கிறார் டாக்டர். மாமியாரோ, "அது தாம்பத்தியத்துல தொத்துற கிருமியாமே! சின்னப் பிள்ளைக்கு எதுக்கு? வெளியே தெரிஞ்சா யாரு பொண்ணு கேட்டு வருவா?" என்கிறார். என்ன செய்வது?
- வாசகி, காரைக்குடி

பதில்: போடுங்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. அத்தையிடம் எப்படிச் சொல்வது என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

உங்கள் வீட்டு இரண்டாங்கட்டு அறையைத் திறந்து பாருங்கள். பேத்தி பிறந்ததிலிருந்து அப்பத்தா வாங்கிச் சேர்த்த எவர்சில்வர் தூக்கும் பித்தளை அண்டாவும் பழைய பேப்பர் சுற்றி அடுக்கியிருக்கும். "பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு இப்பவே எதற்குச் சாமான்?" என்று செட்டிநாட்டில் யாராவது கேட்டதுண்டா? இந்த ஊசியும் அந்தக் கணக்குதான்.

இதில் ஒழுக்கத்தை இழுக்கவே வேண்டாம். கணவர் ஒருவரோடு மட்டும் வாழ்ந்த பெண்ணுக்கும் தொற்றுகிற, மிகச் சாதாரணமான வைரஸ்தான் இந்த ஹெச்.பி.வி. பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் உடம்பே விரட்டிவிடும். சிலருக்குப் போகாமல் தங்கிவிடும். தங்கினால் 15, 20 வருடம் சத்தமே காட்டாமல் இருந்து புற்றாக மாறலாம். இந்த வைரஸில் எத்தனையோ ரகம் உண்டு; 16, 18 என்ற இரண்டு மட்டுமே பத்தில் ஏழு கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் காரணம். தடுப்பூசி இவற்றை வராமல் தடுக்கும். வந்து தங்கியதை வெளியேற்றாது. அதனால்தான் 9 முதல் 14 வயதுக்குள் போடுவது. அந்த வயதில் எதிர்ப்புச் சக்தியும் நன்றாக ஊறும். ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி போதும். 15 வயதுக்கு மேல் போனால் வழக்கமாக மூன்று.

ஊசிக்குள் உயிருள்ள வைரஸ் கிடையாது, அதன் மேலோட்டைப் போன்ற புரதம்தான். பிள்ளைப்பேறுக்கு இதனால் பாதகமில்லை. கை ஒருநாள் வலிக்கும். சில பிள்ளைகள் ஊசியைப் பார்த்தே மயங்கிவிடுவார்கள். நாலு இட்லி சாப்பிட வைத்துக் கூட்டிப் போங்கள், போட்டபின் கால்மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கட்டும்.

செலவா? புனேயில் தயாராகும் செர்வாவேக் என்ற உள்நாட்டு ஹெச்.பி.வி. தடுப்பூசி 2023இல் வந்துவிட்டது. 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இத்தடுப்பூசி போடுவதாகத் தமிழக அரசும் 2025 பட்ஜெட்டில் அறிவித்தது. கையிலிருந்து பணம் கட்டுமுன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அப்புறம், உங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே? 30 வயது தாண்டியிருந்தால் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை உங்களுக்கு வேண்டும். அரசு மருத்துவமனையிலேயே செய்கிறார்கள், சில நிமிட வேலை. அத்தை இதுவரை செய்துகொண்டதில்லை என்றால், அவரையும் கையோடு கூட்டிப் போங்கள்.