ஆப்பிரிக்க ஆவணப்பட இளைஞர்களுக்கு வழிகாட்டுபவர்கள் யார்?

ஆப்பிரிக்காவில் புதிதாக ஆவணப்படம் எடுக்க வருபவர்களுக்குப் பயிற்சி எங்கே கிடைக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கிழக்கு ஆப்பிரிக்காவைப் பொறுத்தவரை, இயக்குநர் ஜூடி கிபிங்கே நைரோபியில் தொடங்கிய டாக்குபாக்ஸ் என்னும் அமைப்பையே முதலில் சொல்வேன். நிதியுதவியோடு நின்றுவிடாமல், பயிலரங்குகளையும் அனுபவமிக்க கலைஞர்களின் வழிகாட்டலையும் அது சேர்த்தே வழங்குகிறது. 2020-இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் படத்தொகுப்புக்காக நடுவர் குழுவின் சிறப்பு விருது பெற்ற, சாம் சோகோவின் ‘சாஃப்டி’ அதன் ஆதரவைப் பெற்ற படமாகும்.

பல ஆண்டுகள் தொடர்ந்து படம்பிடிக்கப்பட்ட காட்சிகளில் எதை வைப்பது, எதை நீக்குவது என்று தொகுப்பு மேசையில் திணறும் அறிமுக இயக்குநருக்கு, அருகில் அமர்ந்து முதற்கட்டத் தொகுப்பைப் பொறுமையாகப் பார்த்துக் கருத்துச் சொல்லும் மூத்தவரே மிகவும் தேவை என்பது என் உறுதியான எண்ணம். தயாரிப்பாளர்களைச் சந்திக்க, தென்னாப்பிரிக்காவில் 2010 முதல் நடைபெறும் டர்பன் ஃபிலிம்மார்ட் என்னும் திரைப்படச் சந்தை உள்ளது.