ஒரே கொள்கை, மூன்று குழுக்கள்: ஏன்?

"ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் தீவிர வலதுசாரிகள் ஏன் மூன்று குழுக்களாக உட்கார்ந்திருக்கிறார்கள்? கொள்கை வேறுபாடு என்று எழுதினேன், ஆசிரியர் ஏற்கவில்லை" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசிரியர் சொன்னது பெரும்பாலும் சரிதான். குடியேற்றம் பற்றி இவர்களிடையே பெரிய சண்டை இல்லை.

முதலில் விதியைப் பாருங்கள். குழு அமைக்கக் குறைந்தது 7 நாடுகளிலிருந்து 23 உறுப்பினர்கள் வேண்டும். குழு இருந்தால்தான் நிதி, பேச்சு நேரம், குழுத்தலைவர்கள் கூட்டத்தில் இடம் கிடைக்கும். அதனால் பிடிக்காத கூட்டாளியையும் சகித்துக்கொள்வார்கள், சொந்த நாட்டில் வாக்கு போகும்வரை. 2024 மே மாதம் ஹிட்லரின் எஸ்எஸ் படையினர் எல்லாரும் குற்றவாளிகள் அல்ல என்று ஜெர்மனியின் தீவிர வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டியின் வேட்பாளர் மாக்சிமிலியன் கிரா சொன்னதும், பிரான்சின் மரீன் லெ பென் கட்சி அதனுடன் உறவை முறித்தது. இரு கட்சிகளும் இருந்த குழுவிலிருந்தே ஏஎஃப்டி நீக்கப்பட்டது. தன் தந்தையையே 2015இல் கட்சியிலிருந்து நீக்கியவர் லெ பென். பல ஆண்டுகளாகத் துடைத்துவந்த யூத வெறுப்புக் கறை மீண்டும் ஒட்டுவதை எப்படி விடுவார்?

2024 ஜூலையில் ஹங்கேரியின் ஓர்பான் கட்சியும் லெ பென் கட்சியும் 84 பேருடன் ஒரு குழுவில் சேர்ந்தார்கள். ஏஎஃப்டி 25 பேருடன் தனிக்குழு அமைத்தது. அப்போது மூவர் விலகியிருந்தாலே அது கலைந்திருக்கும். இத்தாலியின் மெலோனி கட்சியும் போலந்தின் பிஸ் (சட்டமும் நீதியும்) கட்சியும் இருக்கும் மூன்றாவது குழு ஓர்பானோடு சேராததற்கு ரஷ்யா மீதான நிலைப்பாடு முக்கியக் காரணம்.

2007ஐயும் கட்டாயம் சேருங்கள். இத்தாலிய உறுப்பினரும் சர்வாதிகாரி முசோலினியின் பேத்தியுமான அலெஸ்ஸாண்ட்ரா முசோலினி ருமேனியர்களை இழிவாகப் பேசியதால் ருமேனியக் கட்சி விலகி, உறுப்பினர் எண்ணிக்கை அன்றைய வரம்பான 20க்குக் கீழே போய், ஒரு குழு முழுவதும் கலைந்தது. அடுத்த நாட்டானை இகழும் தேசியவாதம் அடுத்த நாட்டுத் தேசியவாதியோடு கூட்டு வைக்கும்போது வரும் சிக்கல் இதுதான். உங்கள் கட்டுரையை இங்கிருந்தே தொடங்கலாம்.