பழைய நகர ரயில் யார்டு ஒன்றை மாடலாக்க வேண்டுமா? முதலில் வரைபடத்தைத் தேடுங்கள்

கேள்வி: எட்டடிக்கு இரண்டடி பலகை இருக்கிறது. 1940-களின் அமெரிக்க நகர ரயில் யார்டு (வேகன்களைப் பிரித்து, சேர்த்து நிறுத்தும் இடம்) ஒன்றை ஹெச்ஓ அளவில் செய்ய ஆசை. எந்த யார்டை எடுக்கலாம், விவரங்களை எங்கே தேடுவது?

முதலில் கணக்கு. ஹெச்ஓ என்றால் 87-ல் ஒரு பங்கு, ஆக உங்கள் எட்டடி நிஜத்தில் எழுநூறு அடிகூட இல்லை. சிகாகோவின் புரொவைசோ மாதிரி மைல் கணக்கில் நீளும் யார்டை இதில் அடைத்தால் பாயின்ட்டுகள்தான் (தண்டவாளம் பிரியும் இடங்கள்தான்) மிஞ்சும், வேகன் நிற்க இடமிருக்காது. அதனால் பெரிய பெயர்களை விட்டுவிட்டு நியூயார்க்கின் ஹார்லெம் ஆற்றங்கரையைப் பாருங்கள்.

அங்கே சென்ட்ரல் ரெயில்ரோடு ஆஃப் நியூ ஜெர்சி என்ற ரயில் நிறுவனம் நடத்திய பிராங்க்ஸ் டெர்மினல் கையடக்கமான ஒரு யார்டு: நடுவில் வட்டமான குட்ஸ் ஷெட், அதைச் சுற்றி நெருக்கமாக வளையும் தண்டவாளங்கள், தரைவழியில் வேறெந்த ரயில் பாதையோடும் இணைப்பே கிடையாது. வேகன்கள் எல்லாம் தண்டவாளம் பதித்த மிதவையில் ஆற்று வழியாகத்தான் வந்தன, போயின. நமக்கு இது பெரிய வசதி, ஏனென்றால் மிதவையைத் தனிப் பலகையாகச் செய்துவிட்டால், வேகனோடு கழற்றி எடுத்து அடுத்ததை மாட்டலாம், ரயில் எங்கிருந்து வருகிறது என்று காட்டத் தனியாக இடம் ஒதுக்கவே வேண்டாம். வணிக ரீதியில் வெற்றிபெற்ற முதல் டீசல்-மின் இன்ஜினான 1000-ம் எண் 1925-ல் இங்கேதான் வேலைக்கு வந்தது, 1957 வரை ஓடியது. ஆக நீங்கள் கேட்கும் காலத்துக்குச் சின்ன டீசலே சரி. நீராவிதான் வேண்டும் என்றால் புரூக்ளின் ஈஸ்டர்ன் டிஸ்ட்ரிக்ட் டெர்மினலைத் தேடுங்கள், அங்கே 1963 வரை நீராவி இன்ஜின் ஷண்டிங் (வேகன்களை இழுத்தும் தள்ளியும் இடம் மாற்றும் வேலை) செய்தது.

சரி, விவரங்கள். என் முதல் தேர்வு எப்போதும் சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடங்கள், அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் ஏராளமாக இலவசமாகவே கிடைக்கின்றன. பெரும்பாலும் ஓர் அங்குலத்துக்கு 50 அடி, அதாவது 600-ல் ஒரு பங்கு. கிட்டத்தட்ட ஏழு மடங்கு பெரிதாக்கினால் ஹெச்ஓ அளவு வந்துவிடும். அதில் இளஞ்சிவப்பு நிறம் என்றால் செங்கல் கட்டடம், மஞ்சள் என்றால் மரக் கட்டடம். எந்த சைடிங் (பக்கத்தில் பிரியும் கிளைத் தண்டவாளம்) எந்தக் கிடங்கின் வாசலில் முடிகிறது என்பது அதில் தெரியும், ஷண்டிங்குக்கு உயிரே அதுதான். ஆனால் ஒன்று, பிந்தைய மாற்றங்களைச் சின்னத் தாள்களாக வெட்டி அதே பக்கத்தின் மேல் ஒட்டியிருப்பார்கள், ஆகவே அட்டையில் உள்ள ஆண்டை அப்படியே நம்பாதீர்கள். அப்புறம், காப்பீட்டுக்காரர்களுக்குக் கட்டடம்தான் முக்கியம், யார்டுக்குள் தண்டவாளங்களை ஏனோதானோவென்று வரைந்திருக்கக்கூடும். அதைச் சரிபார்க்க, 1913-ம் ஆண்டுச் சட்டப்படி ரயில் நிறுவனங்களின் சொத்தை மதிப்பிட வரைந்த வரைபடங்களை அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடலாம். நியூயார்க் நகரத்துக்கு 1924-ம் ஆண்டு வான்படங்களும் உண்டு.

நிறத்துக்குப் புகைப்படக் கலைஞர் ஜாக் டெலானோ 1942-43-ல் சிகாகோ யார்டுகளில் எடுத்த வண்ணப் படங்கள் போதும், அவையும் அதே நூலகத்தில் உள்ளன. கடையில் வாங்கும் சாம்பல் நிற ஜல்லி எவ்வளவு பொய் என்று பார்த்தவுடனே தெரியும்.

பலகைக்குள் கொண்டுவரும்போது எல்லாவற்றையும் சுருக்காதீர்கள், சில லைன்களை வெட்டுங்கள். இணையாக ஆறு லைன் இருந்தால் மூன்று போதும், பாயின்ட்டுகளின் வரிசை மட்டும் மாறக்கூடாது. 40 அடி பெட்டி வேகன் ஹெச்ஓ-வில் ஐந்தரை அங்குலம். பெரிதாக்கிய வரைபடத்தைப் பலகைமேல் விரித்து நிஜ வேகன்களையே அதில் நிறுத்திப் பாருங்கள். இன்ஜினும் இரண்டு வேகனும் பாயின்ட்டைத் தாண்டி நிற்க முடியாத சைடிங்கைத் தயங்காமல் எடுத்துவிடலாம்.