வாசகர் கேள்வி–பதில்: வீட்டுப் பிளாஸ்டிக்கில் எதை முதலில் மாற்றுவது?

கேள்வி: எங்கள் வீட்டில் எட்டு மாதக் குழந்தையும் நான்கு வயது மகனும் இருக்கிறார்கள். பிளாஸ்டிக்கிலிருந்து உணவில் வேதிப்பொருள்கள் கலக்கின்றன என்று படித்ததிலிருந்து, சமையலறைக்குள் நுழைந்தாலே மனம் பதறுகிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட எங்களால் முடியாது. எங்கிருந்து தொடங்குவது? இத்தனை நாள் பயன்படுத்தியதால் பிள்ளைகளுக்கு ஏதேனும் ஆகியிருக்குமா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அந்தப் பதற்றத்தோடு எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும் வீண் செலவில்தான் முடிகின்றன. வீட்டுப் பிளாஸ்டிக்கைப் பற்றிய பேச்சில் அடிக்கடி அடிபடும் வேதிப்பொருள்கள் இரண்டு. ஒன்று, கண்ணாடி போலத் தெளிவாகவும் கெட்டியாகவும் இருக்கும் பாலிகார்பனேட்டைச் செய்யப் பயன்படும் பிஸ்பீனால் ஏ, மற்றொன்று, பி.வி.சி.யை வளையும்படி மென்மையாக்குவதற்காகச் சேர்க்கப்படும் தாலேட்டுகள். இவை ஹார்மோன்களின் வேலையில் குறுக்கிடக் கூடியவை என்பதால்தான், வளரும் குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. ஆனால் இவை உடலில் ஆண்டுக்கணக்கில் தங்குவதில்லை. பெரும்பகுதி ஓரிரு நாளில் சிறுநீரோடு வெளியேறிவிடுகிறது.

அமெரிக்காவில் ஐந்து குடும்பங்களைச் சேர்ந்த 20 பேருக்கு, பிளாஸ்டிக்கிலும் தகர டப்பாவிலும் அடைக்கப்படாத புதிய உணவை மூன்று நாள் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 2011-இல் வெளியான அந்த ஆய்வின்படி, அவர்களுடைய சிறுநீரில் பிஸ்பீனால் ஏ அளவு சராசரியாக 66 சதவீதம் குறைந்திருந்தது. சென்ற மாதங்களில் உங்கள் பிள்ளைகளுக்கு இதனால் என்ன நேர்ந்தது என்று தனியே பிரித்துச் சொல்லக்கூடிய பரிசோதனை மருத்துவர்களிடம் இல்லை. அதைத் தேடி அலையவும் வேண்டாம். இன்று குறைத்தால் இந்த வாரத்திற்குள்ளேயே குறையும் என்பதை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள்.

இனி, எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு வருவோம். பிளாஸ்டிக்கில் சேர்க்கப்படும் பல பொருள்கள் அதனோடு இறுகப் பிணைந்திருப்பதில்லை. வழி கிடைத்தால் அவை வெளியே வந்துவிடும். அந்த வழியைத் திறந்துவிடுவதில் முதலிடம் சூட்டுக்கு. அடுத்து எண்ணெயும் கொழுப்பும், பிறகு புளிப்பு, பிறகு உணவு பாத்திரத்திலேயே கிடக்கும் நேரம், கடைசியாகப் பாத்திரத்தின் தேய்மானம். ஆகவே உலர்ந்த தானியத்தை வைத்திருக்கும் பிளாஸ்டிக் டப்பாவையும், அடுப்பிலிருந்து இறக்கிய எண்ணெய்ப் பதார்த்தத்தை ஊற்றி மூடும் பிளாஸ்டிக் டப்பாவையும் ஒன்றாக எண்ணக் கூடாது. முதலாவது அடுத்த ஆண்டுவரை காத்திருக்கலாம். இரண்டாவதை இன்றே நிறுத்துவது நல்லது. சூடான உணவைத் தாங்கும் நான்கைந்து பாத்திரங்களை மட்டும் எவர்சில்வர், கண்ணாடி அல்லது பீங்கானுக்கு மாற்றினாலே வேலையின் பெரும்பகுதி முடிந்துவிடும். மைக்ரோவேவில் எந்தப் பிளாஸ்டிக்கையும் வைக்காதீர்கள். அதற்கு ஏற்றது என்று டப்பாவில் அச்சிட்டிருப்பது, அது உருகாது, நெளியாது என்பதற்கான உறுதியே தவிர, அதிலிருந்து எதுவும் உணவில் கலக்காது என்பதற்கான உறுதி அன்று. கீறல் விழுந்து, மங்கிப்போன டப்பாக்களை ஆணிக்கும் பொத்தானுக்கும் ஒதுக்கிவிடுங்கள்.

எட்டு மாதக் குழந்தையின் பால்புட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த புட்டிகளை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வு ஒன்றில், நீரின் சூடு 25 டிகிரி செல்சியஸாக இருந்தபோது லிட்டருக்குச் சுமார் 6 லட்சமாக இருந்த நுண்பிளாஸ்டிக் துகள்கள், 95 டிகிரியில் சுமார் 5.5 கோடியாக உயர்ந்தன. அந்தத் துகள்கள் குழந்தையின் உடலில் என்ன செய்கின்றன என்பது இன்னும் தெளிவாகவில்லை என்றாலும், குறைக்கும் வழி எளிதாக இருக்கும்போது தெளிவு பிறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பால் பவுடரைக் கிருமி நீக்கிய கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் கரைத்து, குடிக்கும் பதத்திற்கு ஆறிய பிறகு உடனே புட்டியில் ஊற்றிக் கொடுங்கள். சூட்டுக்குப் பயந்து வெதுவெதுப்பான நீரில் பவுடரைக் கரைத்துவிடாதீர்கள். பவுடரில் இருக்கக்கூடிய கிருமிகளை அழிக்க 70 டிகிரிக்குக் குறையாத நீர் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். புட்டியைக் கிருமி நீக்குவதையும் கைவிடக் கூடாது. கிருமி நீக்கிய பின், கொதித்து ஆறிய நீரை எவர்சில்வர் பாத்திரத்திலிருந்து ஊற்றி மூன்று முறை அலசினால், உதிர்ந்த துகள்களில் பெரும்பாலானவை போய்விடும்.

கேள்வி: பாத்திரங்களின் அடியில் உள்ள முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பார்த்து வாங்கினால் போதுமா? ‘பிஸ்பீனால் ஏ இல்லாதது’ என்று எழுதியிருப்பதை நம்பலாமா?

பதில்: அந்த எண்கள் 1988-இல், கழிவைப் பிரிப்பவர்களின் வசதிக்காக ஏற்பட்டவை. அவை எந்த வகைப் பிளாஸ்டிக் என்று சொல்லும். பாதுகாப்பைப் பற்றி எதுவும் சொல்லாது. இருந்தாலும் வீட்டுக்கு ஒரு வழிகாட்டியாக அவை உதவுகின்றன. 3 என்பது பி.வி.சி., 6 என்பது பாலிஸ்டைரீன். இவ்விரண்டையும் உணவுக்கு அருகில் விடாமல் இருப்பது நல்லது. 7 என்பது மற்றவை அனைத்தையும் போட்டு வைத்த பை. பாலிகார்பனேட்டும் அதில்தான் இருக்கிறது. 2, 5 ஆகியவை ஒப்பீட்டளவில் மேலானவை, அதுவும் ஆறிய உணவுக்கு மட்டும்.

‘இல்லாதது’ என்ற சொல்லைப் பொறுத்தவரை, அது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனால் அந்த இடத்தில் எது இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. சில பொருள்களில் பிஸ்பீனால் எஸ் என்ற உறவுக்காரப் பொருளைச் சேர்த்திருக்கிறார்கள். அதுவும் ஹார்மோன்களில் குறுக்கிடுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல், பிஸ்பீனால் ஏ-யை ஒருவர் அன்றாடம் தீங்கின்றி உட்கொள்ளலாம் என்று வகுத்த அளவை முன்பிருந்ததைவிட 20,000 மடங்கு குறைத்தது. எல்லா நாட்டு அமைப்புகளும் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. ஆனால் ஒரு குழந்தையின் தட்டைப் பொறுத்தவரை, நிபுணர்களின் வாதம் முடியும்வரை நான் எவர்சில்வரின் பக்கமே நிற்பேன்.

கேள்வி: சமையலறைக்கு வெளியே கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

பதில்: உண்டு, தூசி. மெத்தென்ற வினைல் (அதாவது பி.வி.சி.) தரைவிரிப்பு, பழைய வினைல் பொம்மை, மின்கம்பி உறை ஆகியவற்றிலிருந்து வெளியேறும் தாலேட்டுகள் வீட்டுத் தூசியில் படிகின்றன. தவழும் குழந்தை அந்தத் தூசியைக் கையில் எடுத்து வாயில் வைக்கிறது. உலர்ந்த துடைப்பம் தூசியைக் காற்றில் எழுப்பிவிடும் என்பதால், ஈரத் துணியால் துடையுங்கள். சன்னல்களைத் திறந்து வையுங்கள். சாப்பிடும் முன் பிள்ளைகளின் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். பளபளப்பான தாளில் அச்சாகும் கடை ரசீதுகள் பலவற்றின் மேற்பூச்சில் பிஸ்பீனால் வகைகள் இருப்பதால், அவற்றைக் குழந்தையிடம் விளையாடக் கொடுக்க வேண்டாம்.